தில்லிப் பதிவு ஆடி கியூ7: சஸ்பென்ஷன் விளக்கு எரிவது குறித்து

வணக்கம் நண்பரே. தில்லியில் பதிவான 2014ஆம் ஆண்டு ஆடி கியூ7 3.0 டீசல் வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் (ரப்பர் காற்றுப் பைகளால் வண்டியைத் தாங்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்கு அவ்வப்போது எரிவதாகவும், அது வெறும் சென்சார் கோளாறு என்று விற்பவர் கூறுவதாகவும், கோயம்புத்தூருக்கு அதை வாங்கி வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த விளக்கத்தை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். காற்றுப் பையின் ரப்பர் வயதாகி வெடிப்பு விட்டுக் காற்று கசியத் தொடங்கினால், அந்தக் குறையை ஈடுசெய்ய, பைகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி நாளடைவில் அதுவும் பழுதாகும். ஒரு பையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, அசல் பாகங்கள் போட்டால், ஒரு லட்சம் ரூபாயை எளிதில் தாண்டிவிடும். வண்டியைச் சமதளத்தில் இரவு முழுவதும் நிறுத்தி, காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் நான்கு மூலைகளின் உயரத்தையும் அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் காற்றுக் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது டைமிங் செயின், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலி. இந்த எஞ்சினில் அது கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால், செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றும்போது பாகங்களின் விலையோடு எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் கூலியும் பெருந்தொகையாகச் சேர்கிறது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் சில நொடிகளில் அதன் பின்புறத்திலிருந்து கடகடவென்ற ஓசை வருகிறதா என்று கவனியுங்கள். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

பழைய டீசல் வண்டிகளுக்குத் தில்லியில் உள்ள கட்டுப்பாடுகளும் அவை அங்கே குறைந்த விலைக்குக் கிடைப்பதற்கு ஒரு காரணம். வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவைப்படும் தடையின்மைச் சான்று (என்ஓசி), மறுபதிவு, தமிழ்நாட்டுச் சாலை வரி ஆகியவற்றையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.