விளக்கு மினுக்குகிறது, ஜிபிஎஸ் மட்டும் வரவில்லை!

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 (சின்னக் கணினிப் பலகை) மேல் சென்சார் பலகை செருகி, ஆர்டுபைலட் (வண்டியைத் தானாக ஓட்டும் மென்பொருள்) ஏற்றி, சின்ன ரோவர் வண்டி ஒன்று கட்டியிருக்கிறேன். யுப்ளாக்ஸ் நியோ எம்8என் ஜிபிஎஸ்ஸை நாலு ஒயரில் இணைத்தேன். அதன் விளக்கு வினாடிக்கு ஒருமுறை மினுக்குகிறது. வண்டியைக் கண்காணிக்கும் மிஷன் பிளானர் மென்பொருளிலோ 'நோ ஜிபிஎஸ்' என்றே நிற்கிறது. புது ஜிபிஎஸ் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெரும்பாலான எம்8என் மாட்யூல்களில் அந்த விளக்கு டைம்பல்ஸ் (நேரத் துடிப்பு) காலோடு இணைந்திருக்கும். இருப்பிடம் கிடைத்த பிறகுதான் மினுக்கத் தொடங்கும். ஆக கரண்ட் வருகிறது, ஆன்டெனா வேலை செய்கிறது, செயற்கைக்கோளும் பிடித்தாகிவிட்டது. தகவல் பைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒயர். பையின் 4-ஆம் பின் 5 வோல்ட், 6 கிரவுண்ட், 8 டிஎக்ஸ் (அனுப்புவது), 10 ஆர்எக்ஸ் (பெறுவது). ஜிபிஎஸ்ஸின் டிஎக்ஸ் பையின் 10-க்கும், அதன் ஆர்எக்ஸ் பையின் 8-க்கும் குறுக்காகப் போக வேண்டும். 10-ஆம் பின்னில் செருகும் முன் ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, அதன் டிஎக்ஸ் ஒயரை மல்டிமீட்டரில் பாருங்கள். சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். 5 வோல்ட் காட்டினால் நேரடியாகச் செருகாதீர்கள், பையின் கால்கள் அதைத் தாங்காது. ஜிபிஎஸ் டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம் வழியாகப் பைக்கு, பை பக்கத்து முனையிலிருந்து 2 கிலோ ஓம் கிரவுண்டுக்கு என்று போட்டால் 3.3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

ஒயர் சரியென்றால் சிக்கல் பைக்குள்ளே. பை 3, பை 4 இரண்டிலும் நல்ல சீரியல் போர்ட்டை (டிடிஒய் ஏஎம்ஏ0) புளூடூத் எடுத்துக்கொள்கிறது. 8, 10 பின்களுக்குக் கிடைப்பது மினி யுஆர்ட் என்ற சோப்ளாங்கி. அதன் வேகம் பிராசசரின் கோர் கிளாக்கைப் பிடித்துத் தொங்குவதால் கிளாக் மாறினால் பாட் ரேட்டும் (தகவல் அனுப்பும் வேகம்) சறுக்கும். போதாக்குறைக்கு, லினக்ஸ் தன் லாகின் திரையையும் அதே பின்களில் வைத்திருக்கக்கூடும். ராஸ்பி-கான்ஃபிக் மெனுவில் சீரியல் போர்ட் பகுதிக்குப் போய், லாகின் ஷெல் கேள்விக்கு 'நோ', ஹார்டுவேர் கேள்விக்கு 'யெஸ்' கொடுங்கள். பிறகு கான்ஃபிக் டெக்ஸ்ட் கோப்பின் கடைசியில் டிடிஓவர்லே வரி ஒன்று சேர்த்து, அதன் மதிப்பாக 'டிசேபிள்-பிடி' என்று கொடுங்கள். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பு முதல் அந்தக் கோப்பு பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்ஃபோல்டரில் இருக்கிறது. பழைய இடத்தில் திருத்திவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று விழிப்பவர்கள் நிறையப் பேர். ரீபூட் செய்ததும் டிடிஒய் ஏஎம்ஏ0 உங்கள் கைக்கு வந்துவிடும்.

ஆர்டுபைலட்டை நிறுத்திவிட்டு அந்தப் போர்ட்டை 9600 பாட் வேகத்தில் திறந்து பாருங்கள். டாலர் குறியில் தொடங்கும் வரிகள் ஓடினால் பாதை திறந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: ஆர்டுபைலட் ஒருமுறை ஜிபிஎஸ்ஸோடு பேசிவிட்டால் அதன் வேகத்தை உயர்த்தி, பேச்சையும் யுபிஎக்ஸ் என்ற பைனரி மொழிக்கு மாற்றி, அமைப்பைச் சேமித்தும் வைத்துவிடும். அதன்பின் 9600-இல் குப்பைதான் தெரியும். அது பழுதல்ல.

கடைசிக் கண்ணி, ஆர்டுபைலட்டைத் தொடங்கும் கட்டளை. அதில் போர்ட்டைக் குறிக்கும் எழுத்துகளான ஏ, பி, சி-க்கு வரிசையாக சீரியல் 0, 1, 2 வரும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் ஏ என்பது 0, சி என்பது 1, டி என்பது 2, பி என்பது 3. ஜிபிஎஸ்ஸுக்கு உரியது பி. எனவே சீரியல்3 புரோட்டோகால் 5 ஆகவும், ஜிபிஎஸ் டைப் 1 ஆகவும் இருக்கட்டும். சீரியல்1-ஐ எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை.

கேள்வி: எனக்கு செயற்கைக்கோள் எண்ணிக்கை தெரிகிறது, வரைபடத்தில் வண்டியும் நிற்கிறது. ஆர்ம் செய்ய, அதாவது மோட்டாரை ஓடத் தயாராக்கப் போனால் 'ஸ்டில் கான்ஃபிகரிங் திஸ் ஜிபிஎஸ்' என்று தடுக்கிறது.

பதில்: ஜிபிஎஸ் பேசுவது பைக்குக் கேட்கிறது, பை பேசுவது ஜிபிஎஸ்ஸுக்குக் கேட்கவில்லை. 8-ஆம் பின்னிலிருந்து போகும் ஒயரைப் பாருங்கள். ஜம்பர் ஒயரின் பிளாஸ்டிக் தலைக்குள்ளேயே கம்பி விட்டுப்போயிருப்பது அடிக்கடி நடக்கிறது. வினாடிக்கு 5 முறை இருப்பிடம் கொடு என்று ஆர்டுபைலட் அனுப்பும் கட்டளைகள் போய்ச் சேராததால்தான் இந்தத் தடை. ஒயர் நன்றாக இருந்தால், ஜிபிஎஸ்ஸைப் படிக்கும் லினக்ஸ் சர்வீஸான ஜிபிஎஸ்டி ஓடுகிறதா பாருங்கள். ஒரே போர்ட்டை இரண்டு புரோகிராம் படித்தால் ஆளுக்குப் பாதியாக எழுத்துகள் போகும். ஜிபிஎஸ்டி சர்வீஸை மட்டும் நிறுத்தினால் போதாது, அதன் சாக்கெட் அதை மறுபடி எழுப்பிவிடும். இரண்டையும் நிறுத்துங்கள்.

கேள்வி: மேசை மேல் 14 செயற்கைக்கோள் காட்டியது, கேமராவும் பென்டிரைவும் செருகியதும் 6-க்கு இறங்கிவிட்டது. ஏன்?

பதில்: நீலநிற யுஎஸ்பி 3 துளைகளில் செருகியிருப்பீர்கள். அந்தத் தகவல் ஓட்டம் அகன்ற அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் ஜிபிஎஸ் சிக்னலோ தரையைத் தொடும்போதே மிக மெலிந்தது. கருப்பு நிற யுஎஸ்பி 2 துளைக்கு மாற்றிப் பாருங்கள், ஜிபிஎஸ்ஸைப் பையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் கம்பம் வைத்து ஏற்றுங்கள். தாமிரத் தகடு ஒட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். மாட்யூலில் திசைகாட்டியும் இருந்தால் மோட்டார் ஒயரை விட்டு விலகுவதால் அதற்கும் நல்லது.

கேள்வி: இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக் வசதியை இதில் திறக்க முடியுமா?

பதில்: எம்8என்னில் முடியாது. நாவிக்கின் முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்கள் ஒலிபரப்புவது எல்5, எஸ் அலைவரிசைகளில். எம்8 கேட்பது எல்1 (மேலே சொன்ன 1575.42 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது) மட்டும். 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 எல்1-இலும் பேசுகிறது, ஆனால் அந்தப் பேச்சு எம்8-க்குப் புரியாது. ஜிபிஎஸ் பிழையைத் திருத்த உதவும் இந்தியாவின் ககன் சிக்னல் எல்1-இல் வருகிறது, அதை எம்8 எடுத்துக்கொள்ளும்.

தென் தமிழ்நாட்டில் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. காந்த நடுக்கோடு திருநெல்வேலி பக்கமாகப் போகிறது. சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில், குறிப்பாக மார்ச், செப்டம்பரை ஒட்டிய வாரங்களில், பொழுது சாய்ந்து ஓரிரு மணி நேரத்தில் அயனி மண்டலம் கலங்கி சிக்னல் தடுமாறும். ஒயரை எல்லாம் பிரித்துப் போடும் முன், மறுநாள் காலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.