முக்காலே ஒரு மா

கேள்வி: என் மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். திடீரென்று பெண்கள் கூடைப்பந்துக்கு ரசிகையாகிவிட்டாள். வாரக்கடைசி வந்தால் கோலாலம்பூரில் மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் மாபா அரங்கத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். அங்கே ஆடுகிறவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடுகிறவர்களாம். இப்படி அரைத் தொழில்முறை அணிக்கெல்லாம் ரசிகையாவது நேர விரயம் இல்லையா, ஆசிரியரே?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: இல்லை, அம்மா. இதோடு முடித்துவிடலாம்தான். ஆனால் இந்தப் பக்கத்துக்கு வரவேண்டிய விளம்பரம் வரவில்லை, இடம் நிறைய இருக்கிறது. அப்புறம், உங்கள் கேள்வியில் ‘அரை’ என்று ஒரு சொல் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறது.

அரை என்றால் பாதி. இடுப்புக்கும் அரை என்றுதான் பெயர், அரைஞாண் கயிறு அங்கிருந்துதான் வந்தது. மாவையும் அரைக்கிறோம். சிலர் இருபது வருடமாக ஒரே மாவை அரைக்கிறார்கள், அவர்களில் ஒருவன் என்று என்னையும் சொல்வார்கள். ஆனால் பாதி என்ற பொருளில் அந்தச் சொல்லை நாம் கண்ட இடத்தில் எறிவதுதான் எனக்குப் பொறுக்காது. நம் பழைய வாய்ப்பாட்டில் பின்னத்துக்கா பஞ்சம்? அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, சட்டைக்கடைச் சமாசாரம் இல்லை. வீசம் பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி 320இல் ஒன்று; இன்றைய பிள்ளைகளிடம் முந்திரி என்றால் பாயசத்தை எட்டிப் பார்ப்பார்கள். இத்தனை சல்லடை கையில் இருக்க, எதற்கெடுத்தாலும் அரை, அரை!

இதை முன்பு ஒருமுறை எழுதியபோது, பட்டர்வொர்த் சந்தாதாரர் ஒருவர் சிவப்பு மையில் நாலு பக்கம் எழுதினார். ‘அரைத் தொழில்முறை’ தவறாம், ‘பகுதித் தொழில்முறை’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். ஐயா, பகுதி என்றால் எவ்வளவு? முந்திரியும் பகுதிதான், முக்காலும் பகுதிதான். அவரோடு எனக்கு வழக்கு இன்னும் நடக்கிறது. சந்தாவை மட்டும் தவறாமல் புதுப்பித்துவிடுகிறார்.

பின்னத்தால் வந்த வினை ஒன்று சொல்கிறேன். 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் கூலி நிர்ணயித்தது. எளிதில் போய்வரக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற அதே பெரட்டு, அதே மழை, அதே அட்டை, அதே பால்மரம். ஐம்பதில் நாற்பது என்ன பின்னம்? நம் வாய்ப்பாட்டில் அச்சாக ஒரு பெயர் இருக்கிறது: முக்காலே ஒரு மா. என் பாட்டி வாய்ப்பாட்டை வாயிலேயே வைத்திருந்தவர், கணக்கு அவருக்குப் புரிந்திருக்கும். ஏன் என்பதுதான் புரிந்திருக்காது.

இந்தக் கூலிக் கணக்கைத் தெரிந்துகொண்டதிலிருந்து, ஒரு பெண்ணின் உழைப்பை யாராவது ‘அரை’ என்றால் நான் பென்சிலை எடுத்துவிடுவேன். எதில் அரை? பந்து வேண்டுமானால் கொஞ்சம் சிறிது. ஆண்களுக்கு 7ஆம் எண் பந்து, பெண்களுக்கு 6ஆம் எண், சுற்றளவில் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைவு. கூடை? இருவருக்கும் அதே 10 அடி உயரம். அனைத்துலக விதிப்படி நேரமும் அதே 40 நிமிடம். 2015இல் சிங்கப்பூரிலும் 2017இல் இங்கே கோலாலம்பூரிலும் நடந்த தென்கிழக்காசியப் போட்டிகளில் நம் பெண்கள் கூடைப்பந்தில் தங்கம் வாங்கினார்கள். அரைத் தங்கம் என்று ஒன்றும் கொடுக்கவில்லை.

சம்பளத்தில்தான் அரை என்கிறீர்களா? 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓடித் தங்கம் கொண்டுவந்தாரே நம் மு. ராஜமணி, அந்தக் காலத்து அமெச்சூர் விதிப்படி ஓட்டத்துக்குக் கூலியே கிடையாது. அவரைப் பார்த்துக் கைதட்டியவர்கள் நேரத்தை வீணாக்கினார்களா?

முழுத் தொழில்முறை என்கிறார்களே, அங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக் 1997இல் ஆட்டத்தைத் தொடங்கியது. அதன் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான டயானா டாராசி 2015 பருவம் முழுவதும் அதில் ஆடவில்லை. குளிர்காலத்தில் அவர் ஆடிய ரஷ்ய கிளப், கோடையில் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லிப் பணமும் கொடுத்தது. ஊரில் ஆடினால் வரும் சம்பளத்தைவிட, ஆடாமல் உட்கார்ந்தால் வந்தது அதிகம். எழுதாமல் இருக்க எனக்கும் யாராவது அப்படிக் கொடுப்பார்களா என்று யோசித்துப் பார்த்தேன். பட்டர்வொர்த்திலிருந்து கட்டாயம் வரும்.

இந்தப் பத்திரிகையே என்ன? பக்கம் வடிவமைக்கிற தம்பி பகலில் கார் ஓட்டுகிறார். பிழை திருத்துகிறவர் வங்கியில் ஓய்வு பெற்றவர், அவருக்கு நான் கொடுப்பது மாதம் ஒரு முறை வாழை இலைச் சாப்பாடு. என் சம்பளம் எத்தனை வீசம் என்று என் மனைவிக்குத் தெரியும். இப்படி நடக்கிற பத்திரிகையைப் பணம் கொடுத்து வாங்கிப் படித்துவிட்டு, அரைத் தொழில்முறை ஆட்டத்தைப் பார்க்கலாமா என்று எனக்கே கடிதம் எழுதுகிறீர்கள்!

சரி, ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் கடிதம் வந்த வாரமே நானும் போனேன். ஜாலான் ஹாங் ஜெபாட்டில், மெர்டேக்கா அரங்கத்துக்குப் பக்கத்தில். 118 மாடிக் கோபுரம் மேலே நின்று பார்க்கிறது, உள்ளே இருந்ததோ எண்ணி ஐம்பது பேர். ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஒரு பெண் ஓடி வந்தார். கழுத்தில் அலுவலக அட்டை இன்னும் தொங்குகிறது. பெஞ்சில் உட்கார்ந்து, பாதி ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு, கணுக்காலுக்குத் தானே டேப் சுற்றினார். மூன்று சுற்று, குதிகாலுக்குக் கீழே ஒன்று, கடைசித் துண்டைப் பல்லால் கிழித்தார். ரொட்டி மட்டும் கீழே விழவில்லை. அப்புறம் 9ஆம் எண் சட்டையில் இறங்கி, பந்தைக் கூடைக்கு எறியக் கெடு வைக்கிற 24 விநாடிக் கடிகாரத்தில் இரண்டு விநாடி மிச்சமிருக்கும்போது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து ஒன்று போட்டார் பாருங்கள்!

எனக்கு முன்வரிசையில் ஒரு சீனப் பாட்டி, ‘ஜியா யோ’ என்று சீனத்தில் உற்சாகப்படுத்திக் கத்திக்கொண்டே இருந்தார். நான் என்னை மறந்து ‘போடும்மா!’ என்றேன். திரும்பி ஏற இறங்கப் பார்த்தார். இரண்டாம் பாதியில் அவரும் ‘போதும்மா’ என்று கத்தினார். திருத்த மனம் வரவில்லை. இதற்கும் சிவப்பு மைக் கடிதம் வரும்.

மாமாக் கடையில் விடியற்காலை மூன்று மணிக்குத் தே தாரிக்கோடு உட்கார்ந்து இங்கிலாந்துக் காற்பந்துக்கு ‘நாம ஜெயிச்சிட்டோம்’ என்கிறார்களே, அவர்களை எந்தத் தாயும் இந்தப் பக்கத்தில் விசாரித்ததில்லை. அந்த ‘நாம’வில் ஒருவரையும் இவர்கள் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. உங்கள் மகளோ ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்களோடு ஒரே எல்ஆர்டி ரயில் பெட்டியில் வீடு திரும்பலாம்.

ஒரு உதவி. 9ஆம் எண்காரர் கடைசிக் காற்பகுதியில் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தார். அடுத்த ஆட்டத்தில் இறங்குகிறாரா என்று மகளிடம் கேட்டு எழுதுங்கள். தபால் வேண்டாம், தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.