பித்தளையில் பிட் ஏன் கவ்வுகிறது?

கேள்வி (பாம்பன் வாசகர்): ஃபைபர் படகுக்காக 5 மி.மீ. அலுமினியத் தகட்டில் 6 மி.மீ. துளை போடுகிறேன். நாலைந்து துளைக்குள் பிட் அடைத்துக்கொள்கிறது. புது பிட்டும் அப்படித்தான்.

பதில்: பிட் மழுங்கியிருக்காது. சூட்டில் இளகிய அலுமினியம் வெட்டு விளிம்பில் அப்பிக்கொள்கிறது. அதன் பிறகு பிட் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு இன்னும் ஏறும். துளையிடும் இடத்தில் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். ரேஷனில் அது கிடைப்பது அபூர்வமாகிவிட்டது, படகில் இருக்கும் டீசலே போதும். 6 மி.மீ. எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட்டுக்கு நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை கொடுக்கலாம். 2 மி.மீ. இறங்கியதும் பிட்டை வெளியே எடுத்துச் சீவலை உதறிவிட்டுத் தொடருங்கள்.

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் போடுவதானால் நைலான் வாஷரும் கிரீஸும் அவசியம். உப்புத் தண்ணீர் பட்டால் அரிபடுவது அலுமினியம்தான். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): பித்தளை புஷ்ஷில் (உள்ளே தண்டு சுழலும் வளையம்) 8 மி.மீ. துளையை 10 ஆக்கும்போது பிட் கவ்வி, புஷ்ஷையும் சேர்த்துச் சுழற்றிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: கையில் பிடித்துக்கொண்டு செய்திருந்தால் விரல் தப்பியது பெரிது. வைஸில் (மேசையில் பொருத்தும் பிடிகருவி) இறுக்காமல் பித்தளையைத் தொடவே கூடாது.

கடையில் கிடைக்கும் பிட் இரும்புக்கு ஏற்பத் தீட்டியது. இரும்பு எதிர்த்து நிற்கும். பித்தளை விட்டுக்கொடுத்துவிடும், பிட் திருகாணி போலத் தானே உள்ளே ஏறும். இருக்கிற துளையைப் பெரிதாக்கும்போது நடுவில் தாங்க உலோகமும் இல்லை என்பதால் இழுப்பு அதிகம். பிட் மறுபக்கம் வெளிவரும் நேரமும் அப்படித்தான்.

இதற்கென்று ஒரு பிட்டைத் தனியாக ஒதுக்குங்கள். எண்ணெய்க் கல்லைப் பிட்டின் நீளத்துக்கு இணையாகப் பிடித்து, இரண்டு வெட்டு விளிம்புகளின் முன்முகத்தையும் (சீவல் ஏறும் பள்ளத்தின் பக்கம்) லேசாகத் தேயுங்கள். கால் மி.மீ. முதல் அரை மி.மீ. வரை தட்டையானால் போதும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் இரு விளிம்பிலும் ஒரே அகலத்தில் மினுங்கும் கோடு தெரிய வேண்டும். ஒரு பக்கம் கூடினால் துளை பெரிதாகிவிடும்.

இந்த பிட் பித்தளையைச் சுரண்டியே எடுக்கும், எண்ணெய் வேண்டாம். சீவல் ஊசி ஊசியாகத் தெறிக்கும், ஆகவே கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தண்டில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். மறந்துபோய் இரும்பில் போட்டால் வெட்டாமல் சிரமப்படுத்தும்.

கேள்வி (தொண்டி வாசகர்): வலைக்கான ஈயக் குண்டில் கயிறு நுழையத் துளை போட்டால் கோணிப்போகிறது.

பதில்: மெஷினை விட்டுவிட்டு கை ட்ரில்லில் மெதுவாகச் சுற்றுங்கள், சோப்புத் தண்ணீர் தொட்டு. வார்க்கும்போதே அச்சின் நடுவில் கரி பிடித்த இரும்புக் கம்பியை வைத்து, ஆறியதும் உருவிவிடுவது இதைவிட நல்லது. அச்சில் துளி ஈரம் இருந்தாலும் ஈயம் முகத்தில் தெறிக்கும். தூளை ஊதாதீர்கள், வழித்தெடுத்துக் கைகழுவிவிட்டுத்தான் சாப்பாடு. துளையின் இரு வாயையும் பெரிய பிட்டால் கையாலேயே ஒரு திருகு திருகிப் பிசிறை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கயிறு அங்கேதான் நைந்து அறும்.