வியக்க மலையேற வேண்டுமா?

கேள்வி: வியப்பு மனநலத்துக்கு நல்லது என்று எழுதுகிறீர்கள். காலை 8 மணிக்கு பனியன் கம்பெனிக்குப் போய் இரவு 9 மணிக்குத் திரும்புகிறவன் நான். இமயமலையையும் நயாகராவையும் எங்கே போய்ப் பார்ப்பது? இதெல்லாம் வசதி படைத்தவர்களுக்குத்தானே?
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இல்லவே இல்லை. உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

தொல்காப்பியர் வியப்பை மருட்கை என்கிறார். அது பிறக்க நான்கு காரணம் சொல்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். நீங்கள் சொல்லும் மலையும் அருவியும் பெருமை என்ற ஒன்றுக்குள் அடங்கிவிடும். சிறியதைக் கண்டு வியக்கவும், ஒன்று இன்னொன்றாக ஆவதைக் கண்டு வியக்கவும் எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்?

எங்கள் மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. ஒரு நாள் இலைமேல் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போனேன், அசைந்தது. புழு! சில நாளில் தோலுரித்துப் பச்சையானது. தொட்டால் தலையருகே செந்நிறக் கொம்பை நீட்டி, ஒரு நெடி விட்டு மிரட்டியது. பிறகு காம்போடு தன்னை நூலால் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவானது. ஒரு காலையில் கூடு பிளந்து, நனைந்த துணி போல மடங்கிய சிறகோடு வண்ணத்துப்பூச்சி வெளியே வந்து தொங்கியது. அந்தச் சிறகு விரிந்து காயும்வரை நின்றேன். இரவெல்லாம் தூங்கவிடாத ஒரு பணக் கவலை அவ்வளவு நேரமும் என் பக்கம் வரவில்லை.

சான் பிரான்சிஸ்கோவில் 52 முதியவர்களை வாரம் ஒருமுறை 15 நிமிடம் என 8 வாரம் நடக்கவிட்டார்கள். பாதிப் பேருக்கு மட்டும், எதையும் புதிதாகக் காண்பது போல வியந்து பார்க்கச் சொன்னார்கள். எல்லோரும் நடையின்போது செல்ஃபி எடுத்தார்கள். 2020-இல் வெளியான முடிவைப் பாருங்கள்: வாரங்கள் போகப் போக, வியந்து நடந்தவர்களின் படங்களில் அவர்கள் உருவம் சிறுத்தது, சுற்றியிருந்த காட்சி பெருத்தது, புன்னகை விரிந்தது. அன்றாட மன உளைச்சலும் குறைந்தது. ‘நான்’ கொஞ்சம் ஒதுங்கி நிற்பதில்தான் அந்த நிம்மதி இருக்கிறது என்று நம்புகிறேன்.

இதனால் கடன் தீராது, கூலி உயராது. மனச்சோர்வு நாள்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆனால் உழைக்கிறவனுக்கு வியப்பு எதற்கு என்று நீங்களே உங்களுக்குக் கதவடைப்பதை என்னால் பொறுக்க முடியாது.

இரவு 9 மணிக்குத் திரும்புவதாகச் சொன்னீர்கள். மார்கழியில் அந்த நேரம் கிழக்கே பாருங்கள். வரிசையாக மூன்று விண்மீன்கள். அவற்றுக்குப் பக்கத்தில் சிவந்து தெரிவது திருவாதிரை. உங்கள் கண்ணில் விழும் அந்த ஒளி, பல நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, ஒரு நிமிடம் அதைப் பார்த்துவிட்டு நடங்கள்.