தொலைவிலிருந்து இயக்கும் தொலைநோக்கியில் ஆழ்வானப் படங்கள்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் குழுவுக்கு முதல் படக்கோப்பு வந்துவிட்டது. திறந்தால் முழுக் கறுப்பு. ஓரிரு விண்மீன்கள் மட்டும் தெரிகின்றன. ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் படம் நன்றாகவே இருக்கும். ஃபிட்ஸ் (வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பில் இருப்பது சென்சார் எண்ணிய ஒளியளவு மட்டும். கைபேசி தானாகச் செய்யும் பிரகாசமாக்கல் எதுவும் இதில் நடப்பதில்லை. 16 பிட் கோப்பில் மதிப்புகள் 0 முதல் 65,535 வரை போகும். வானப் பின்னணி, நெபுலா (விண்வெளி வாயு, தூசி மேகம்) இரண்டும் அடிமட்டத்தில் ஒரு குறுகிய இடைவெளிக்குள் ஒடுங்கிக் கிடக்கும். அதனால்தான் கண்ணுக்குக் கறுப்பு.

சிரில் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, காட்சி முறையை லீனியரிலிருந்து ஆட்டோஸ்ட்ரெச்சுக்கு (மங்கலானதைத் தானே பிரகாசமாக்கிக் காட்டும் முறை) மாற்றுங்கள். திரையில் தெரிவது மட்டுமே மாறும், கோப்பில் உள்ள எண்கள் மாறாது. அப்படியும் விண்மீனே இல்லையென்றால் மேகமாக இருக்கலாம், அல்லது கூரை மூடியிருந்திருக்கலாம். விண்மீன்கள் புள்ளியாக இல்லாமல் வளையமாக இருந்தால் ஃபோகஸ் விலகியிருக்கிறது. அந்தக் கோப்பைக் காப்பாற்ற முடியாது. எதுவானாலும் வந்த கோப்பை ஜேபெக்காக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். 256 படிகள்தான் மிஞ்சும், மங்கலான பகுதி முழுவதும் அதில் போய்விடும்.

கேள்வி: 6 பேர், 6 மணி நேரம் கிடைத்திருக்கிறது. ஆளுக்கொரு பொருள், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டோம். சரிதானே?

நியாயமான பங்கீடுதான், ஆனால் படத்துக்கு நல்லதல்ல. இரைச்சலுக்கு (படத்தில் தெரியும் தற்செயல் ஏற்றத்தாழ்வு) எதிரான சிக்னலின் (பொருளின் ஒளி) விகிதம், மொத்த நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் உயரும். 4 மடங்கு நேரம் கொடுத்தால் 2 மடங்கு தெளிவு. 6 மணி நேரத்தையும் ஒரே பொருளுக்குக் கொடுத்தால் ஒரு மணி நேரப் படத்தைவிட ஏறக்குறைய 2.4 மடங்கு சுத்தமான படம் கிடைக்கும். எம்101 (எம் என்பது மெஸ்ஸியே பட்டியல் எண்) கேலக்ஸியின் வெளிக்கரங்கள், எம்78 நெபுலாவைச் சுற்றியுள்ள தூசி மேகங்கள் போன்றவை அந்த வித்தியாசத்தில்தான் வெளியே வருகின்றன. தனித்தனியாகப் பிரித்தால் 6 சுமாரான படங்கள் கையில் நிற்கும்.

பொருளைப் பங்கு போடாதீர்கள், வேலையைப் பங்கு போடுங்கள். ஒருவர் வானத்தில் உயரம், நிலவு ஆகியவற்றைக் கணக்கிடட்டும். ஒருவர் வந்த கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மோசமானவற்றைக் கழிக்கட்டும். ஒருவர் டார்க் (ஒளி விழாமல் எடுத்த இருட்டுப் படம்), ஃப்ளாட் (சீரான ஒளியில் எடுத்த படம்) கோப்புகளைப் பொறுப்பெடுக்கட்டும். கடைசியில் அதே தரவை 6 பேரும் தனித்தனியாகப் பதப்படுத்தி, முடிவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். யார் பின்னணியை அளவுக்கு மீறிக் கறுப்பாக்கினார், யார் விண்மீன் நிறத்தை இழந்தார் என்பது அப்போது பளிச்செனத் தெரியும். வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு கற்றுத் தராது.

ஒரு விலக்கு உண்டு. எம்13 விண்மீன் கொத்து, எம்57 நெபுலா போலச் சிறியதும் பிரகாசமானதுமான பொருள்களுக்கு ஒரு மணி நேரமே போதும்.

கேள்வி: எந்தத் தொலைநோக்கிக்கு எந்தப் பொருள் பொருந்தும் என்று எப்படி முடிவு செய்வது?

இரண்டு எண்கள் போதும்: குவியத்தூரம், பிக்சல் அளவு. பிக்சல் அளவை (மைக்ரான்) 206 ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் (மி.மீ.) வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலையைப் பிடிக்கிறது என்று கிடைக்கும். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.

3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட 6248 × 4176 பிக்சல் சென்சாரை எடுத்துக்கொள்வோம். 530 மி.மீ. தொலைநோக்கியில் ஒரு பிக்சலுக்கு 1.46 விகலை, படத்தின் பரப்பு சுமார் 2.5 × 1.7 பாகை. வட அமெரிக்க நெபுலாவுக்கு இது நன்றாகப் பொருந்தும். 3 பாகை நீளமுள்ள ஆண்ட்ரோமிடா நீளவாக்கில் அடங்காது, இரண்டு துண்டுகளாக எடுத்து ஒட்ட வேண்டும். வளைய நெபுலா எம்57-இன் நீளவாக்கு 1.4 கலைதான், 26 மெகாபிக்சல் படத்தில் அது 58 பிக்சல் அகலப் பொட்டாக உட்கார்ந்திருக்கும்.

அதே சென்சாரை 2000 மி.மீ. தொலைநோக்கியில் மாட்டினால் பிக்சலுக்கு 0.39 விகலை. எம்57 இப்போது 200 பிக்சலைத் தாண்டும், எம்51 கேலக்ஸி படத்தில் நிறைவாக அமரும். ஆனால் காற்றின் கலக்கம் சாதாரண இரவுகளில் விண்மீனை 2 முதல் 3 விகலை அகலத்துக்குப் பரப்பிவிடுகிறது. அதனால் 0.39 என்பது தேவைக்கு மேற்பட்ட நுணுக்கம். 2 × 2 பின்னிங் (நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பது) போட்டு 0.78 ஆக்கிக்கொள்ளுங்கள். விவரம் குறையாது, கோப்பு 52 எம்பியிலிருந்து 13 எம்பியாகும்.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் உள்ள தொலைநோக்கியில் எம்51 எடுத்தோம். மிக மங்கலாக, விண்மீன்கள் நீண்டு வந்திருக்கின்றன. வானம் தெளிவாக இருந்ததாகத்தான் பதிவு சொல்கிறது.

வானத்தில் தவறில்லை, இடத்தேர்வில்தான். ஒரு பொருள் எட்டக்கூடிய அதிகபட்ச உயரம் = 90 − (அந்த இடத்தின் அட்சரேகைக்கும் பொருளின் டெக்ளினேஷனுக்கும் (வானத்தின் அட்சரேகை போன்ற அளவு) உள்ள இடைவெளி). ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் ஆய்வகம் தெற்கு 31 பாகையில் இருக்கிறது; எம்51 வடக்கு 47 பாகையில். இடைவெளி 78. ஆக அந்த கேலக்ஸி உச்சத்தில்கூட 12 பாகைக்கு மேல் ஏறாது. அந்த உயரத்தில் தலைக்கு மேல் உள்ளதைப்போல ஏறத்தாழ 5 மடங்கு காற்றைத் துளைத்து ஒளி வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிடும். ஒளிவிலகலால் விண்மீன்கள் மேலும் கீழுமாக நீளும்.

30 பாகைக்குக் கீழே எதையும் எடுக்காதீர்கள். அங்கேயே காற்றின் தடிமன் 2 மடங்கு. 50-க்கு மேல் இருந்தால் நல்லது. தெற்கிலிருந்து எடுப்பதானால் எம்51-க்குப் பதில் எம்83. அதுவும் நம் பக்கம் முகம் காட்டும் சுழல் கேலக்ஸி. வல ஏற்றமும் (வானத்தின் தீர்க்கரேகை போன்ற அளவு) ஏறக்குறைய அதேதான், அதனால் அதே மாதங்களில்தான் உச்சிக்கு வரும். சைடிங் ஸ்பிரிங்கில் அது கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலேயே போகும். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் இடத்தை ஆய்வகத்துக்கு மாற்றிப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவு நேரம் உலகப் பொது நேரத்தில் கேட்கப்படும் என்பதையும் கவனியுங்கள். தேதி ஒன்று தள்ளிப்போவது இங்கேதான்.

கேள்வி: நாமே நேரலையில் இயக்குவது நல்லதா, வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருப்பது நல்லதா?

லாஸ் கும்ப்ரெஸ் தொலைநோக்கி வலையமைப்பு போன்றவை வரிசை முறையில் இயங்குபவை. பொருளின் இடக்குறி, ஃபில்டர், எக்ஸ்போஷர் (ஒரு படத்துக்கு ஒளி சேர்க்கும் நேரம்), படங்களின் எண்ணிக்கை, நிலவிலிருந்து குறைந்தபட்சத் தூரம் ஆகியவற்றைக் கொடுத்தால், வானம் ஒத்துழைக்கும் இரவில் இயந்திரமே எடுத்துத் தரும். மேகம் வந்தால் உங்கள் கோரிக்கை இன்னொரு இரவுக்குத் தள்ளிப்போகும். நல்ல படம் வேண்டுமென்றால் வரிசைதான். நேரலையில் மேகம் வந்தால் அந்த நேரம் போனதுதான். ஆனால் ஃபோகஸ் எப்படி வெப்பநிலையோடு நகர்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதற்காக ஒரே ஒரு முறையாவது நேரலையில் உட்காருங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரத்தை 6 பத்து நிமிடப் படங்களாக எடுக்கலாமா, 30 இரண்டு நிமிடப் படங்களாகவா?

இன்றைய சிமாஸ் கேமராவில் சாதாரண வண்ண ஃபில்டர்களுக்கு 30 × 120 விநாடியே சிறந்தது. வாசிப்பு இரைச்சல் (ஒவ்வொரு படத்தையும் சென்சாரிலிருந்து படிக்கும்போது சேர்வது) 1 முதல் 3 எலக்ட்ரான்தான் என்பதால் படங்களைத் துண்டாக்குவதில் இழப்பு சொற்பம். ஒரு படத்தில் காற்று உலுக்கினால் போவது 2 நிமிடம்தான். செயற்கைக்கோள் கோடுகளை, ஸ்டாக்கிங்கில் (படங்களை ஒன்றாகச் சேர்ப்பதில்) மற்றவற்றோடு ஒவ்வாத மதிப்புகளை விலக்கும் சிக்மா கிளிப்பிங் நீக்கும். அதற்குக் குறைந்தது 15 படங்களாவது வேண்டும், 6 படங்களில் கோடு தங்கிவிடும். குறுகிய அலைவரிசை (ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் விடும்) ஃபில்டரில் வானப் பின்னணி மிகக் குறைவு. அங்கே 300 விநாடி தேவைப்படும். பழைய சிசிடி கேமராவில் வாசிப்பு இரைச்சல் அதிகம், வண்ண ஃபில்டருக்கே 300 வையுங்கள்.

இரண்டு படங்களுக்கு நடுவில் தொலைநோக்கியைச் சில பிக்சல்கள் நகர்த்தும் டிதரிங் வசதி இருந்தால் கட்டாயம் இயக்குங்கள். இல்லாவிட்டால் சூடான (தவறாக ஒளிரும்) பிக்சல்கள் ஸ்டாக்கில் கோடுகோடாக இழுபடும். ஓரியன் நெபுலாவுக்கு மட்டும் கூடுதலாக 10 விநாடிப் படங்கள் இருபதை எடுங்கள். இல்லையேல் அதன் நடுவிலுள்ள ட்ரபீஸியம் விண்மீன்கள் வெள்ளைக் கறையாகிவிடும்.

கேள்வி: கிடைத்த நாள் முழு நிலவுக்கு அடுத்த நாள். ரத்து செய்துவிடலாமா?

வேண்டாம், பொருளை மாற்றுங்கள். ரோசெட், வட அமெரிக்க நெபுலா போன்ற ஒளி உமிழும் நெபுலாக்களை 656.3 நானோமீட்டர் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டரில், நிலவிலிருந்து 60 பாகையாவது தள்ளி எடுக்கலாம். ஆக்சிஜன்-3 ஃபில்டரை (500.7) நிலவொளி அதிகம் கெடுக்கும், அதை நிலவில்லா இரவுக்கு வையுங்கள். கேலக்ஸிகளை அன்று தொடாதீர்கள்.

கேள்வி: ஃப்ளாட் போட்ட பிறகு படத்தின் மூலைகள் முன்பைவிட மோசமாகிவிட்டன.

மூலைகள் வெளுத்திருந்தால், படங்களிலிருந்து டார்க்கைக் கழிக்காமலே ஃப்ளாட்டால் வகுத்திருக்கிறீர்கள். மூலைகள் இன்னும் இருண்டே இருந்தால், ஃப்ளாட்டிலிருந்து பயாஸை, அதாவது மிகக் குறுகிய நேர இருட்டுப் படத்தை (அல்லது ஃப்ளாட்டுக்கான டார்க்கை) கழிக்க மறந்திருக்கிறீர்கள். தூசி வளையங்கள் இரட்டையாகத் தெரிந்தால், ஃப்ளாட் எடுத்தபோது கேமரா வேறு கோணத்தில் இருந்திருக்கிறது, அல்லது தூசி நகர்ந்திருக்கிறது. புதிய ஃப்ளாட் கேளுங்கள். டார்க் கோப்பில் எக்ஸ்போஷர், வெப்பநிலை, கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு), பின்னிங் நான்கும் படத்தோடு அப்படியே ஒத்திருக்க வேண்டும். ஃப்ளாட்டுக்கு எக்ஸ்போஷர் வேறாக இருக்கலாம். ஆனால் ஃபில்டர் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். அதன் சராசரி மதிப்பு 25,000 முதல் 30,000 வரை நிற்பது நல்லது.

கேள்வி: பாதிப் படங்கள் தலைகீழாக வந்துள்ளன. திருப்பிவிட்டு ஃப்ளாட் போடலாமா?

திருப்பாதீர்கள். பொருள் உச்சியைத் தாண்டும்போது தொலைநோக்கி மறுபக்கம் புரண்டிருக்கிறது, அவ்வளவுதான். தூசியும் நிழலும் சென்சாரைப் பொறுத்து அதே இடத்தில் இருப்பதால், ஃப்ளாட்டை முதலில் போடுங்கள். பிறகு ஸ்டாக்கிங் மென்பொருள் விண்மீன்களைப் பொருத்தித் தானே திருப்பிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் படங்களுக்கு அறிவியல் பயன் ஏதும் உண்டா?

உண்டு, மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால். 2023 மே 19 அன்று ஜப்பானின் கோய்ச்சி இடகாகி எம்101-இல் 2023ஐஎக்ஸ்எஃப் என்ற சூப்பர்நோவாவைக் (விண்மீன் வெடிப்பு) கண்டறிந்தார். உடனே, அதற்கு முந்தைய இரவுகளில் பலர் எடுத்துவைத்திருந்த எம்101 படங்கள் தேடப்பட்டன. வெடிப்பு தொடங்கிய நேரத்தைக் குறுக்க அவை உதவின. அழகாக்கிய ஜேபெக் அதற்கு உதவாது. தொடக்க நேரம், ஃபில்டர், எக்ஸ்போஷர் எல்லாம் தலைப்பகுதியில் பதிவான ஃபிட்ஸ் கோப்புதான் வேண்டும். எனவே ஸ்டாக் முடிந்ததும் தனிப்படங்களைத் துடைத்துவிடாமல், பொருளின் பெயரும் உலகப் பொது நேரத் தேதியும் இட்ட கோப்புறையில் குழுவுக்குப் பொதுவான ஓரிடத்தில் வையுங்கள். படித்து முடித்துச் செல்பவரின் மடிக்கணினியோடு அவை போய்விடக் கூடாது.