டாக்காவைத் தலைநகராக்கியது யார்?

கேள்வி: டாக்காவின் பெருமை முகலாயர்களாலும் மஸ்லின் வணிகர்களாலும் வந்தது. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்துக்கு அதில் என்ன பங்கு?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முகலாயர்கள் 1610இல் தந்த தலைநகர் அந்தஸ்து, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முர்ஷிதாபாதுக்குப் போய்விட்டது. மஸ்லின் நெசவு கம்பெனி ஆட்சியில் நசிந்தது. 1905 வங்கப் பிரிவினையில் டாக்கா மறுபடி மாகாணத் தலைநகரானது. 1911இல் அதுவும் பறிபோனது. அந்த இழப்புக்கு ஈடாகக் கிடைத்ததுதான் 1921 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட டாக்கா பல்கலைக்கழகம்!

ரம்னா பகுதியில் அதிகாரிகளுக்காக எழுப்பிய மாளிகைகளில் பேராசிரியர்கள் குடியேறினார்கள். இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் 1924இல் ஐன்ஸ்டீனுக்குக் கட்டுரை அனுப்பியது இங்கிருந்துதான். டாக்கா பாகிஸ்தானில் இருந்த காலம்; 1948 மார்ச்சில் பல்கலைக்கழகத்தின் கர்சன் ஹாலில் நடந்த பட்டமளிப்பு விழாவில், உருது மட்டுமே அரசு மொழி என்றார் ஜின்னா. முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று குரல் எழுப்பினார்கள் மாணவர்கள்.

வங்க மொழிக்கும் அரசு மொழி உரிமை கேட்டு, 1952 பிப்ரவரி 21 அன்று 144 தடையை மீற அவர்கள் முடிவெடுத்தது, பழைய மாகாணத் தலைமைச் செயலக வளாகத்தின் மாமரத்தடியில். ஆம், அரசு விட்டுப்போன செயலகம் அப்போது வகுப்பறையாகியிருந்தது. அன்று போலீஸ் சுட்டது. ஆண்டுதோறும் அதே நாளில் டாக்கா மக்கள் வெறுங்காலுடன் நடந்து செல்வது முகலாயர்களின் லால்பாக் கோட்டைக்கு அல்ல. அன்று உயிர்நீத்தவர்களின் நினைவாக அந்த வளாகத்தை ஒட்டி எழுந்த ஷஹீத் மினார் நினைவுச்சின்னத்துக்கு.

வெறும் பட்டம் வழங்கும் இடம் என்றால், 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் ஜகந்நாத் ஹால் விடுதிக்குள் புகுந்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஏன் கொன்றது? கலைப்பிரிவுக் கட்டடத்தின் முன்னால் மாணவர்கள் கூடும் ஆலமரத்தைக்கூட விட்டுவைக்காமல் ஏன் அழித்தது? அந்த மாதம் 2ஆம் தேதி வங்கதேசக் கொடி முதன்முதலில் ஏறியது அந்தக் கட்டடத்தில்தான். எதை அழிக்க வேண்டும் என்பது ராணுவத்துக்குத் தெரிந்திருந்தது. தோல்வி உறுதியான டிசம்பரிலும் ராணுவத்தின் உள்ளூர்க் கூட்டாளிகள் பேராசிரியர்களை வீடு தேடிச் சென்று கடத்திக் கொன்றார்கள்.

பின்னாளில் கட்சிகள் மாணவர் அமைப்புகளைத் தம் கைக்குள் கொண்டுவந்து விடுதிகளில் வன்முறையை வளர்த்தது உண்மை, அது வேதனைதான். ஆனால் முகலாயர்களும் ஆங்கிலேயர்களும் டாக்காவுக்குத் தந்தது மாகாணத் தலைநகர் அந்தஸ்து மட்டுமே. அதை ஒரு நாட்டின் தலைநகராக்கிய போராட்டம் பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கியது.