சின்னத் தீவு நாட்டில் உலகத்தரமான ஜூனியர் டென்னிஸ் வீரர்களை உருவாக்க முடியுமா?

முடியும். ஆடுகளமும் பயிற்சியாளரும் பணம் இருந்தால் கிடைத்துவிடும். தீவில் கிடைக்காதது எதிராளிகள்தான். அதே ஏழெட்டுப் பிள்ளைகள் வாராவாரம் மோதினால் ஒருவர் சர்வீஸ் மற்றவருக்கு மனப்பாடம். புது ஆளின் ஆட்டத்தைக் கணிக்கும் திறன் வளரவே வளராது. பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பதினைந்து வயதுப் பையனோடும், இடக்கைப் பெரியவர்களோடும் ஆடவிடுங்கள்.

பத்து வயதுவரை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று படிப்படியாக வேகம் கூடும் சிறுவர் பந்துகளின் வரிசையை மீறாதீர்கள். சிவப்பு, வழக்கமான பந்தைவிட சுமார் 75% மெதுவானது. அவசரப்பட்டு வழக்கமான மஞ்சள் பந்துக்குத் தாவினால் பந்து தோளுக்கு மேல் எழும்பும். சமாளிக்கப் பிள்ளை மட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்றும். அந்தப் பழக்கத்தைத் திருத்த வருடங்கள் ஆகும்.

13 வயதில் சர்வதேச ஜூனியர் போட்டிகளில் ஆடலாம். அங்கே விமானச் செலவுதான் கழுத்தை நெரிக்கும். அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு ஜே30 போட்டிகளை (சர்வதேச ஜூனியர் போட்டிகளில் ஆரம்ப நிலை) உள்ளூரிலேயே நடத்துங்கள்: வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள், உங்களவர்களுக்கு வைல்டு கார்டு, அதாவது தரவரிசை பார்க்காத நேரடி இடம், கொடுக்கலாம்.

அதற்குமேல் திறமையுள்ள பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தயங்கக் கூடாது. சைப்ரஸின் மார்கோஸ் பாக்தாதிஸ் சிறுவயதிலேயே பிரான்ஸுக்குப் பயிற்சிக்குப் போனவர்; 2003-ல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம், 2006-ல் அதே ஓபனின் பெரியவர்கள் பிரிவில் இறுதிப் போட்டி.